யாருகிட்ட வேலைக்கு வுட்ட?

தேரடி மெட்ரோ நிலையத்துக்குச் சற்று முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் காரின் பிரேக் பெடல் பாதி தூரம் எதையும் தொடாமல் கீழே இறங்கியது. வேகம் அதிகமில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அந்த நேரத்தில் யாராலும் வேகமாகப் போக முடியாது. எனக்கு முன்னால் ஒரு மீன்பாடி வண்டி, பின்பக்கம் இரண்டு தெர்மாகோல் பெட்டிகளோடு, ஆட்டோ ஒன்றுக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தது. பெடலின் மீதிப் பாதியில் பிரேக் கொஞ்சம் பிடித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அதுவும் கொஞ்சம் பிடித்தது. இரண்டு கொஞ்சமும் சேர்ந்து போதவில்லை.

பெரிய மோதல் என்று சொல்ல முடியாது. வண்டியின் பின்பக்க இரும்புச் சட்டம் வளைந்தது. ஒரு பெட்டி சரிந்து ஐஸும் நண்டும் சாலையில் கொட்டின. ஓட்டியவர் குதித்து இறங்கியதில் முழங்கால் தரையில் தேய்ந்து ரத்தம் வந்தது. ஐம்பது வயதிருக்கும். முதலில் நண்டைப் பொறுக்கினார், பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், பிரேக் இல்லியா?"

"திடீர்னு போயிருச்சுங்க."

"யாருகிட்ட வேலைக்கு வுட்ட?"

"ஒரு மெக்கானிக்கிட்டதான் போன மாசம் விட்டேன்."

"அவன சும்மா வுடாத சார்."

அந்த மெக்கானிக் நான்தான். மூன்று வாரத்துக்கு முன்னால், வீட்டு வாசலில் ஜாக்கி போட்டுத் தூக்கி, பின்சக்கர பிரேக்கைக் கழற்றிப் பூட்டியது நான். பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது தயாராக இருந்தது, கேள்வி வந்ததும் வெளியே வந்துவிட்டது. என்னைத் தொந்தரவு செய்வது அதுதான். விபத்து ஒரு ரப்பர் வளையத்தின் தவறு என்று வைத்துக்கொள்ளலாம். பொய்க்கு அப்படி ஒரு உதிரிபாகம் கிடையாது. (இதே ஊரில்தான் சுந்தரர் சங்கிலியாருக்கு மகிழமரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்து, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வையை இழந்தார் என்கிறது பெரியபுராணம். நான் தேரடியில் பொய் சொல்லிவிட்டு எர்ணாவூர் வரை தள்ளாடி ஓட்டிக்கொண்டு போனேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.)

என்ன தவறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி 1997 மாடல் மாருதி 800. முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம். பின் டிரம்முக்குள் வீல் சிலிண்டர் என்று கட்டைவிரல் பருமனில் ஒரு சின்ன உருளை இருக்கும். நாம் பெடலை மிதிக்கும்போது குழாய் வழியாக வரும் அழுத்தம் அதற்குள் இருக்கும் இரண்டு பிஸ்டன்களை வெளியே தள்ள, அவை பிரேக் ஷூவை டிரம்மின் உள்சுவரில் அழுத்தும். பிஸ்டனின் பின்னால் ஒரு ரப்பர் கப். அழுத்தம் வெளியே கசியாமல் நிறுத்துவது அந்தக் கப்தான். டீக்கடையில் இரண்டு பேர் டீ குடிக்கும் காசுக்கு மேல் அதன் விலை அதிகமிராது. என் வண்டியில் அது கசிந்தது. ஜி.பி. ரோட்டில் கிட் வாங்கிவந்து மாற்றினேன். மாற்றும்போது சிலிண்டரையும் புது ரப்பரையும் மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று கொஞ்சம் கிரீஸும் தடவினேன்.

அங்கேதான் மொழி என்னைக் கவிழ்த்தது. நம் ஊரில் எல்லோரும் அதை ‘பிரேக் ஆயில்’ என்றுதான் சொல்கிறோம். ஆயில் என்றால் எண்ணெய். எண்ணெயிலேயே ஊறிக்கிடக்கும் ரப்பருக்கு மண்ணெண்ணெய் என்ன செய்யும்? ஆனால் அது எண்ணெயே அல்ல. கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். அந்த ரப்பர் அந்தத் திரவத்துக்காகச் செய்யப்பட்டது. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ சாதாரண கிரீஸோ பட்டால் ஊதிப்போய் மென்மையாகிவிடும். விளிம்பு சிதையும், பிறகு கசியும். பிரேக் ரப்பரைக் கழுவ பிரேக் திரவமேதான் வேண்டும், அல்லது ஆல்கஹால். இது எந்த மெக்கானிக் கடைப் பையனுக்கும் முதல் மாதத்திலேயே தலையில் ஒரு தட்டோடு சொல்லித்தரப்படும் விஷயம். என் தலையில் தட்ட ஆளில்லை. நான் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவன். வீடியோவில் அந்த ஆள் எதில் கழுவினார் என்பதை நான் தாண்டி ஓட்டிவிட்டேன்.

பழைய காரை ஏன் நானே ரிப்பேர் செய்கிறேன் என்ற கேள்விக்கு, இந்தச் சம்பவத்துக்கு முன்பு வரை, என்னிடம் நல்ல பதில்கள் இருந்தன. பணம் மிச்சம் என்பது சின்ன பதில், அது பாதி பொய்யும்கூட. நான் வாங்கிக் குவித்த ஸ்பானர்களின் விலையில் இரண்டு வருஷத்துக்கு சர்வீஸ் விட்டிருக்கலாம். பெரிய பதில் உரிமை பற்றியது. எனக்குச் சொந்தமான பொருளைத் திறந்து பார்க்க, புரிந்துகொள்ள, சரிசெய்ய எனக்கு உரிமை உண்டு. உலகெங்கும் இந்த வாதம் இப்போது சட்டமாகிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 2012இல் மக்கள் வாக்களித்து, கார் கம்பெனிகள் தங்கள் ரிப்பேர் தகவல்களை வெளிக் கடைகளுக்கும் தர வேண்டும் என்று ஆக்கினார்கள். இந்தியாவில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம், உதிரிபாகங்களும் தொழில்நுட்பத் தகவல்களும் சுதந்திர மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022இல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்தபோது அதன் பட்டியலில் கைபேசி, விவசாயக் கருவிகளோடு வாகனங்களும் இருந்தன.

இந்த வாதத்தை நான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் அதில் ஒரு மறைப்பு இருக்கிறது. உரிமை என்ற சொல் எனக்கும் கம்பெனிக்கும் நடுவே ஒரு கோடு போடுகிறது. மீன்பாடி வண்டிக்காரர் அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை. என் வீட்டு ஃபேனை நான் சரிசெய்து அது விழுந்தால் என் தலையில் விழும். தலையும் உரிமையும் ஒரே ஆளுடையவை. கார் அப்படியல்ல. அது தெருவுக்குப் போகிறது. எனக்கு முன்னால் நடக்கிற, நிற்கிற, பெட்டியில் நண்டு வைத்திருக்கிற ஒவ்வொருவரும், தங்களிடம் யாரும் கேட்காமலேயே, என் ஞாயிற்றுக்கிழமை வேலைத் திறமையை நம்பித்தான் இருக்கிறார்கள்.

தேர் ஓடும் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். தேருக்குப் பெடல் கிடையாது. சக்கரத்துக்குக் கீழே மரத்தாலான முட்டுக்கட்டையை வைத்துத்தான் வேகத்தைக் குறைப்பதும் திருப்புவதும் நிறுத்துவதும். வடம் பிடிப்பவர்கள் முன்னால் தூரத்தில் இருப்பார்கள். முட்டுக்கட்டை போடுபவர் சக்கரத்தை ஒட்டியே நடப்பார். பிசகினால் முதலில் போவது அவருடைய கால். நிறுத்துகிற பொறுப்பும் நிற்காவிட்டால் வரும் விளைவும் ஒரே உடம்பில் இருக்கிற ஏற்பாடு அது. பேச்சு வழக்கில் அந்தச் சொல்லை இடைஞ்சல் என்று ஆக்கிவிட்டோம். தேர் ஓட்டத்தில் அதைவிடப் பொறுப்பான வேலை இல்லை. பிறகு திருச்சி பெல் நிறுவனம் திருவாரூர் தேர் உட்படப் பல தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தித் தந்தது. நல்ல விஷயம்தான், பல கால்கள் தப்பியிருக்கும். ஆனால் என் காரில் இருப்பதும் அதே ஹைட்ராலிக்தான். அங்கே என் கால் இருக்கும் இடம் பெடல். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பது வேறொருவருடைய கால்.

இந்த வட்டாரத்தில் கார் கதை பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ரகுநந்தன் சரண் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களை இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு பூட்டினார். 1955இல் அது அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. அதே 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் தயாரிக்க நிறுவனம் வந்தது. இங்கிலாந்தில் 1970 வாக்கில் அந்தக் கம்பெனி மூடப்பட்டபோது, திருவொற்றியூர் ஏறக்குறைய அதே வண்டியைச் செய்துகொண்டே இருந்தது. 1977இல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் செய்தது. இதற்கெல்லாம் முன்பே, 1946இல், மாம்மன் மாப்பிள்ளை இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர். காரும் பைக்கும் டயரும் ஆரம்பித்த இடம் என்று பெருமையாகச் சொல்லலாம். சொல்லும்போது, அந்தக் காரைப் பூட்டியவர்களில் எத்தனை பேர் சொந்தக் கார் வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

என் அப்பா வைத்திருக்கவில்லை. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டர். வீட்டில் ஒரு ஸ்குரூ டிரைவரைக்கூடத் தொடமாட்டார். குழாய் ஒழுகினால் பிளம்பர், சைக்கிள் செயின் கழன்றால் முனைக்கடை. அம்மா கேட்டால், "வேலைல தொட்டது போதாதா?" என்பார். விரல் நகங்களுக்குள் கறுப்பு எப்போதும் இருக்கும். கல்யாண வீடுகளுக்குப் போகுமுன் எலுமிச்சைத் தோலால் தேய்ப்பார். போகாது. என்னைப் படிக்க வைத்ததன் நோக்கத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: "உன் கை சுத்தமா இருக்கணும்."

நான் முதன்முதலாக கார்புரேட்டரைப் பிரித்துப் பாகங்களைச் செய்தித்தாளில் பரப்பி உட்கார்ந்திருந்தபோது அவர் வாசலில் நின்று பார்த்தார். கோபமில்லை. என்னவென்று புரியாத முகம். ஒருவன் பசியில்லாமல் பட்டினி கிடப்பதைப் பார்ப்பது போல. "இது எதுக்குடா?" என்றார். நான் மனசுக்கு நல்லா இருக்கு என்று ஏதோ சொன்னேன். அமெரிக்காவில் மாத்யூ கிராஃபோர்டு என்பவர், தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, ஒரு சிந்தனைக்குழு வேலையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்தார். கைவேலையில் இருக்கும் அறிவைப் பற்றி 2009இல் ஒரு புத்தகமும் எழுதினார். எனக்குப் பிடித்த புத்தகம். ஆனால் அவருக்குத் திரும்பிப் போக ஒரு வேலை இருந்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை. எனக்கும் திங்கட்கிழமை இருக்கிறது. என் கையில் ஒட்டும் கிரீஸ் திங்கட்கிழமை காலை சோப்பில் போய்விடும் கிரீஸ். நம் சமூகத்தில் யாருடைய கை அழுக்காகலாம், யாருடையது ஆகக்கூடாது என்பதற்குப் பிறப்பிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. அதைத் தாண்டி நான் ஸ்பானர் எடுக்கிறேன் என்று ஒருகாலத்தில் எனக்குள் சின்ன கர்வம் இருந்தது. தேரடியில் ‘யாருகிட்ட வேலைக்கு வுட்ட’ என்ற கேள்வி வந்தவுடன் அந்தக் கர்வம் என்ன செய்தது? பட்டியலைத் திறந்து, அதில் கீழே இருந்த ஒரு ஆளைத் தேடி, அவன்மேல் பழியைப் போட்டுவிட்டு மூடிக்கொண்டது. இல்லாத மெக்கானிக் ஒருவனுக்கு எல்லோரும் நம்பும்படி ஒரு குற்றத்தைக் கொடுக்க எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. கேட்டவரும் உடனே நம்பினார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பழைய கார் பற்றி தத்துவம் பேசுபவர்கள் வழக்கமாகப் போகும் இடம் வேறு. எல்லாப் பாகங்களையும் மாற்றிவிட்டால் அது அதே காரா? கிரேக்கர்களுக்குத் தீசியஸின் கப்பல், நமக்கு மிலிந்தனின் தேர். கிரேக்க அரசன் மிலிந்தனிடம் நாகசேனர் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, இவையெல்லாம் சேர்ந்த இடத்தில் தேர் என்பது ஒரு பெயர், வழக்கு. என் வண்டியிலும் கிளட்ச், ரேடியேட்டர், கார்புரேட்டர், முன்பக்க ஷாக் அப்சார்பர், புதுப்பேட்டையில் வாங்கிய ஒரு கதவு எல்லாம் மாறிவிட்டன. கடற்காற்று தின்றதில், கார்ப்பெட்டுக்குக் கீழே ஃப்ளோர் ஓட்டையாகி சாலையே தெரிந்தது. டிங்கர் தகடு வைத்துப் பற்றவைத்தார். அரசாங்கத்துக்கு இதெல்லாம் குழப்பமே இல்லை. சேஸில் குத்திய எண் இருக்கிறதா, ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகிறதா, 15 வருஷம் தாண்டியதால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டினாயா, அவ்வளவுதான். அதே காரா என்ற கேள்வி, உண்மையைச் சொன்னால், நிழலில் நிற்கும் காருக்கான கேள்வி. ஓடுகிற காருக்கு நாகசேனரின் பதிலிலிருந்து வேறொரு கேள்வி பிறக்கிறது. தேர் என்பது வெறும் பெயர் என்றால், அது யார்மேலாவது ஏறும்போது கூப்பிடப்பட வேண்டிய பெயர் எது? ரப்பர் கப்பையா, கிட் விற்றவரையா, கழுவியவனையா? பாகங்களில் தேர் இல்லாமல் போகலாம். பொறுப்பு எங்காவது இருந்தாக வேண்டும்.

ரிப்பேர் வேறு, மாற்றியமைப்பது வேறு என்றும் எனக்கு இப்போது தோன்றுகிறது. ரிப்பேர் என்பது, வண்டியைச் செய்தவர் தெருவுக்குக் கொடுத்த ஒரு வாக்கை மீண்டும் நிலைநிறுத்துவது: மிதித்தால் நிற்கும், திருப்பினால் திரும்பும். மாற்றியமைப்பதில் வாக்கு எனக்கு மட்டும். நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய மாருதியின் ஹெட்லைட் மங்கல். கம்பெனி கொடுப்பது 60/55 வாட் பல்பு. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் விரைவுச் சாலையில் இரவில் அது போதவில்லை என்று 100/90 வாட் பல்பு போட்டேன். பழைய ஒயரும் ஸ்விட்சும் உருகிவிடக்கூடாது என்பதால் ரிலே வைத்து பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்தேன். வேலை சுத்தமாக வந்தது, இன்றுவரை நான் செய்ததிலேயே அழகான வேலை அதுதான். எதிரே வந்த ஒவ்வொருவரும் கண்ணைச் சுருக்கினார்கள் என்பதை நான் கவனிக்க ஒரு மாதம் ஆயிற்று. கவனித்தது எப்படி என்றால், அதே மாதிரி இன்னொரு வண்டி எனக்கு எதிரே வந்தபோது. பழைய பல்பையே மறுபடி போட்டேன். மங்கலுக்கு உண்மையான காரணம் ஸ்விட்ச் வழியாகப் போன பழைய ஒயரில் வோல்டேஜ் இறங்கியதுதான். ரிலேயை மட்டும் வைத்துக்கொண்டதும் 60 வாட்டே நன்றாக எரிந்தது. ரிப்பேர் தேவைப்பட்ட இடத்தில் நான் ஆசையைப் பொருத்தியிருந்தேன்.

புகை விஷயத்தில் என் கணக்கு இன்னும் தீரவில்லை. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது 2000 பிப்ரவரியில்தான். என் வண்டியிலும் கன்வெர்ட்டர் இருந்திருக்க வேண்டும். முன்னால் வைத்திருந்தவர் யாரோ அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்திருக்கிறார். நான் வாங்கி இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. புகைச் சான்றிதழுக்குப் போகும்போது கார்புரேட்டரின் ஐடில் ஸ்குரூவைக் கொஞ்சம் இறுக்கி, வாங்கியபின் தளர்த்தும் வித்தை எனக்கும் தெரியும். செய்தும் இருக்கிறேன். அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் இந்த வட்டாரத்துக்கே உரியது: மணலியில் அத்தனை புகைபோக்கிகள், அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், நாள் முழுக்க நிலக்கரி லாரி. இதில் என் 796 சிசி என்ன பெரிசு?

நியாயம் போலத் தெரிகிற இந்தக் கணக்கில் ஒரு அசிங்கம் இருக்கிறது. ஏற்கெனவே அழுக்கான இடம் என்பதால் நானும் கொட்டலாம் என்றுதானே எல்லாத் தொழிற்சாலைகளையும் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படிந்து மீனவர்களின் படகும் வலையும் கறுப்பான பிறகும் அந்த வாதத்தை என்னால் பழைய மாதிரி சொல்ல முடியவில்லை. இன்னொரு பக்கம், என் காரை நசுக்கிவிட்டுப் புதிது வாங்கினால் அந்தப் புதிய காரின் இரும்பும் பிளாஸ்டிக்கும் ஏதோ ஒரு ஊரின் புகைபோக்கியில்தான் வரும், அதற்குப் பெயர் வேறு, அவ்வளவுதான். மாதம் முந்நூறு கிலோமீட்டர் ஓடும் காருக்கு எது நல்லது என்பது எனக்குச் சுலபமாகத் தெரியவில்லை. கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்துவது மட்டும் சந்தேகமில்லாமல் நல்லது. இன்னும் பொருத்தவில்லை. விலை அதிகம் என்பது காரணம். ஹெட்லைட் ஒயருக்கும் புது சீட் கவருக்கும் காசு இருந்தது என்பதால் அது முழுக் காரணமல்ல.

நான் மோதிய வண்டிக்கு வருகிறேன். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும். மீன்பாடி வண்டி என்பது முன்பக்கமோ பின்பக்கமோ சரக்குத் தட்டு வைத்த மூன்று சக்கர மிதிவண்டி. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் ஓடுவதில் பலவற்றுக்குப் பெடல் பேருக்குத்தான். பழைய ஸ்கூட்டர் அல்லது பைக் எஞ்சினைப் பொருத்தி, செயின் இழுத்து, பெட்ரோல் டப்பா கட்டி ஓட்டுகிறார்கள். நம்பர் பிளேட் இல்லை, எஃப்.சி. இல்லை. சட்டத்தின் கண்ணில் அது சாலையிலேயே இருக்கக்கூடாத பொருள். தானே கைவைத்து மேம்படுத்துவது என்ற கலை சென்னையில் உயிரோடு இருப்பது என்னைப் போன்றவர்களின் வாசலில் அல்ல, அங்கேதான். அதற்கும் நான் மேலே சொன்ன எல்லாக் கேள்வியும் பொருந்துமா? பொருந்தும். அந்த வண்டி யார்மேலாவது ஏறினால் ஏழ்மை பிரேக் ஆகிவிடாது. ஆனால் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. அதை ஓட்டுபவர் திறந்த சட்டத்தின்மேல், எஞ்சினுக்கு ஒரு முழம் தள்ளி, உடம்பை எதிலும் மறைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். தன் வேலை பிசகினால் அவருக்கு முதலில் தெரியும். நான் தகட்டுக்குள், பெல்ட் போட்டு, கண்ணாடி ஏற்றி உட்கார்ந்திருக்கிறேன்.

பத்து நாள் கழித்து விடியற்காலையில் காசிமேடு போனேன். முழங்காலைக் கேட்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். ஏலம் முடிந்து வண்டிகள் கிளம்பும் இடத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வளைந்த சட்டத்தை நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக நிமிர்த்தி, பக்கத்தில் ஒரு ஆங்கிள் துண்டையும் சேர்த்துப் பற்றவைத்திருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு மெக்கானிக்குன்னு சொன்னேன். அப்படி யாரும் இல்ல. நான்தான் பிரேக் வேலை பாத்தேன்."

அவர் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே, "தெரியும் சார்" என்றார்.

"எப்படி?"

"உன் கைய பாத்தேனே. ஆபீஸ் சட்டை, நகத்துல கறுப்பு." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "மண்ணெண்ணெல கழுவினியா ரப்பர?"

நான் பதில் சொல்லவில்லை. முகமே சொல்லியிருக்கும்.

"நானும் ஒருவாட்டி கழுவிருக்கேன். லாரில கிளீனரா இருந்தப்ப. டிரைவர் செருப்பாலயே அடிச்சாரு."

ஐஸுக்கும் நண்டுக்கும் சட்டம் பற்றவைத்ததற்கும் என்று நான் கொண்டுபோன பணத்தை வாங்கிக்கொண்டார். எண்ணினார். அதில் இருநூறைத் திருப்பிக் கொடுத்தார். "நண்டு பாதி பொறுக்கிட்டேன் இல்ல" என்றார். காலைப் பற்றிக் கேட்டதற்கு லுங்கியை ஏற்றிக் காட்டினார். காய்ந்து கறுத்திருந்தது.

இப்போது பிரேக், ஸ்டியரிங் இரண்டிலும் நான் கைவைத்தால் வண்டி உடனே தெருவுக்குப் போவதில்லை. விமானப் பராமரிப்பில் கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஒருவர் வேலை பார்த்தால், அதில் கைவைக்காத இன்னொருவர் தனியாகச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. அதை நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் கேட்டேன். முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. "உங்க வேலைய நான் பாஸ் பண்ணி, நாளைக்கு ஏதாச்சும் ஆனா எம்பேரு தானே சார் போவும்?" என்றார். அது சரியான கேள்வி. எனக்கு அதற்கு நல்ல பதில் இல்லை. கடைசியில் அவரே ஒரு நிபந்தனை சொன்னார்: டிரம்மைக் கழற்றி அவர் கண்ணால் பார்ப்பார், முழுக் கூலி வாங்குவார், பிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி பிரிப்பார், அப்போது நான் பேசக்கூடாது.

போன மாதம் வலது பின்சக்கரத்துக்கு ஷூ மாற்றி எடுத்துக்கொண்டு போனேன். டிரம்மைக் கழற்றினார், டார்ச் அடித்தார், ஸ்பிரிங் ஒன்றை விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் பிரித்துக் கீழே வைத்தார்.